எல்லாரும் ஒப்புக்கொண்ட குற்றம்

அத்தியாயம் 7

நாலாவது ஆளும் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது பூச்சி டாக்டருக்குத் தலை கிறுகிறுத்தது.

"நான்தான் மேடம்," என்றார் சர்ஜன். ஐம்பது வயதுக்காரர். ஆயிரம் வயிறுகளைத் திறந்து மூடிய கை. அந்தக் கையை இப்போது தொடைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அந்த வாரம் வார்டைச் சுத்தி வரும்போது வாட்சைக் கழட்டல. கழட்டாம கை கழுவினா அது கழுவினதே இல்லைன்னு நீங்கதான் வகுப்புல சொன்னீங்க. மூணு ராத்திரியா தூக்கம் இல்ல."

"உங்க ஸ்வாப் சுத்தமா இருக்கு சார். உங்க தொண்டையில, கையில, எங்கயும் அந்தக் கிருமி இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. போய்த் தூங்குங்க."

அவர் போனதும் கதவருகில் நின்றிருந்த குச்சி தொண்டையைக் கனைத்தான். பெயர்தான் குச்சி. ஆள் உரல் மாதிரி இருப்பான். ஊரார் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுப்பது அவன் தொழில் என்பதால் அந்தப் பெயர். ஆய்வுக்கூடத்தில் அவளைவிட நாலு வருஷம் சீனியர். வாயில் அவளைவிட நாற்பது வருஷம் சீனியர்.

"மேடம், இத்தனை வருஷமா 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு ஓடறவங்களைத்தான் துரத்தியிருக்கோம். இங்க 'நான்தான்'னு வரிசையில நிக்கிறாங்க. டோக்கன் குடுத்துடலாமா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற கேஸ் இல்லை இது.

சுகாதாரத் துறையில் அவள் வேலையே இதுதான். எந்த மருத்துவமனையிலாவது நோயாளிகளுக்குப் புதிதாக ஒரு தொற்று கிளம்பினால், அது எங்கிருந்து வந்தது, யார் மூலம் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். போலீஸ் ஆளைத் தேடும். அவள் ஆளுக்குள் இருக்கும் பூச்சியைத் தேடுவாள். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் பூச்சி டாக்டர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த மருத்துவமனையின் பெண்கள் அறுவை வார்டில் மூன்று பேருக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டது. நாலாம் கட்டிலில் அடுப்பில் கை வெந்துபோன பேக்கரிக்காரி. ஏழாம் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் ஆன தையல்காரி. பதினோராம் கட்டிலில் பஸ் படியில் சறுக்கி விழுந்து கால் கிழிந்த கண்டக்டர் பெண். மூவர் காயமும் ஒரே மாதிரி சிவந்து, வீங்கி, மேலே மேலே ஏறியது. பேக்கரிக்காரி பிழைத்து வீட்டுக்குப் போனாள். கண்டக்டருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தையல்காரி ஐந்தாம் நாள் காலையில் இறந்துபோனாள்.

மூவரின் காயத்திலும் இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அதிலும் ஒரே ரகம். மரபணு வரிசை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஒரே ரகம். குச்சி அதற்கு 'சண்டியர்' என்று பேர் வைத்திருந்தான்.

வந்த முதல் நாளே வார்டு ஆட்களை நிற்க வைத்து அவள் விளாசியிருந்தாள். "இப்பத்தானே வந்து வகுப்பு எடுத்துட்டுப் போனேன்? கட்டு எப்படிக் கட்டறது, கை எப்படிக் கழுவறதுன்னு இந்த வார்டுலயே நின்னு காட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள் தாங்கல உங்களுக்கு!" ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகத் தனியே வந்து ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். இரண்டு வார்டுக்கும் ஒரே துடைப்பத்தைப் போட்டேன் என்றாள் ஆயாம்மா. ஆள் பற்றாக்குறை, உடம்பு சரியில்லாத பெண்ணை வேலைக்கு வரச் சொன்னேன் என்றார் ஹெட் சிஸ்டர். அந்த உடம்பு சரியில்லாத பெண், வார்டில் எல்லாருக்கும் சின்ன சிஸ்டர், மூன்றாவதாக வந்தாள்.

அவளுடைய ரிப்போர்ட்தான் இப்போது மேஜைமேல் இருந்தது. அவர்களுக்கு ஒதுக்கியிருந்த அறை துணி அடுக்கும் அறை. மூன்று பக்கமும் கூரை வரை மடித்த படுக்கை விரிப்புகள். சோப்பும் ஆவியும் கலந்த வாசனை.

"வரச் சொல்லுங்க," என்றாள் பூச்சி டாக்டர்.

சின்ன சிஸ்டர் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது கண்ணிமை தடித்துப்போயிருந்தது.

"சிஸ்டர், உங்க தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தது உண்மைதான்."

அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அது வேற ரகம். அந்த மூணு பேர் காயத்துல இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"புரியல மேடம்."

"ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு பெரிய குடும்பம்மா," என்று குச்சி குறுக்கே புகுந்தான். "இனிஷியல் ஒண்ணு, ஆள் வேற. உங்க தொண்டையில குடியிருந்தது சண்டியரோட ஒண்ணுவிட்ட தம்பி. சண்டியர் செஞ்சதுக்குத் தம்பியை உள்ள தள்ள முடியாது."

"அப்போ என்னால இல்லையா?"

"உங்களால இல்ல."

சின்ன சிஸ்டர் நின்ற இடத்திலேயே மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு, "ஏழாம் நம்பர் அக்கா எனக்கு ஜாக்கெட் தெச்சுத் தரேன்னு அளவு எடுத்தாங்க மேடம்," என்றாள். அவளை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, வெளியே அனுப்பியபோது பூச்சி டாக்டருக்கு நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆயுசு கம்மி.

நாற்பத்தொரு பேர். வார்டில் கால் வைத்த அத்தனை ஊழியரின் தொண்டையும் மூக்கும் கையும் பார்த்தாயிற்று. சண்டியர் எவரிடமும் இல்லை.

"ஒருவேளை காயத்துக்குள்ள போயி கொலை பண்றவன் தொண்டையில தங்க மாட்டானோ?" என்றான் குச்சி.

"தங்குவான். அதுதான் இவங்கிட்ட இருக்கிற கெட்ட குணம். அதே ரகம் ஒருத்தர் தொண்டையில லேசாக் கரகரப்பா நாலு நாள் இருந்துட்டு மறைஞ்சுடும். இன்னொருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா அங்கிருந்து கிளம்பி ஒரு திறந்த காயத்துல விழுந்தா ஆள் மாறிடுவான். நாம தேடறது நோயாளியை இல்ல குச்சி. தனக்கு ஒண்ணுமில்லைன்னு நல்லா நடமாடிட்டிருக்கிற ஒருத்தரை."

குச்சி 'ம்' என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் ஒரு வாக்கியத்தை 'ம்' என்று முடித்து அவள் பார்த்ததில்லை.

அவள் மூன்று கேஸ் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். "பாருங்க. பித்தப்பைக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். காலுக்கு அதுக்கு முந்தின வாரம் தையல். கை வெந்தவங்களுக்கு ஆபரேஷனே இல்ல. ஆனா மூணு பேருக்கும் காய்ச்சல் வந்தது வியாழனும் வெள்ளியும். அப்போ ஆபரேஷன் தியேட்டரைச் சுத்தி வந்தது நம்ம முட்டாள்தனம். விஷயம் நடந்தது வார்டுக்குள்ள. ஒரே நாள்ல. செவ்வாய், மிஞ்சினா புதன். யாரோ ஒருத்தர் மூணு கட்டையும் வரிசையாப் பிரிச்சிருக்காங்க."

"எட்டாம் நம்பர் அம்மாவுக்கும் காயம் இருந்ததே மேடம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"செவ்வாய் காலையில அவங்க எங்க இருந்தாங்க?"

குச்சி ஏட்டைப் புரட்டினான். புரட்டுகிற வேகம் அவனுக்குப் பொருந்தாத வேகம். "எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்காங்க. பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும்."

"பாத்தீங்களா! வார்டுல கட்டு மாத்தறது பதினொரு மணிக்கு. இப்போ கட்டு மாத்தற ரிஜிஸ்டரைப் பாருங்க. செவ்வாய் பதினொரு மணிக்கு யார் கையெழுத்து?"

"கையெழுத்து இல்ல மேடம். மூணுக்கும் இல்ல."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கதவு அரை விரல் திறந்த மாதிரி. "கையெழுத்துப் போடாத கை. அதுதான் நம்ம ஆள். குச்சி, நேத்து தையல்காரி வீட்டுக்காரரைப் பாத்துட்டு வந்தீங்களே, போன்ல படம் ஏதாவது இருக்கான்னு கேக்கச் சொன்னேனே?"

குச்சி விரிப்பு அடுக்கு ஒன்றைச் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"குச்சி! இன்னிக்கு வாய்க்கு லீவா?"

"படம் இருக்கு மேடம்."

"இருந்தா காட்ட வேண்டியதுதானே? எதுக்குப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?"

அவன் போனை மேஜைமேல் வைத்தான், கையில் கொடுக்காமல்.

தையல்காரி தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்த மகளுக்கு அனுப்புவதற்காகப் புருஷன் எடுத்த படம். செவ்வாய்க்கிழமை மதியம். விலகிய சட்டையின் கீழே வயிற்றில் வெள்ளைக் கட்டு. பூச்சி டாக்டர் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள்.

"அட!" என்றாள். "பிளாஸ்திரியைப் பாருங்க குச்சி. நாலு மூலையையும் லேசா உள்பக்கம் மடிச்சு ஒட்டியிருக்கு. பிரிக்கும்போது தோலை இழுக்காம, நகத்தால சொரண்டாம, ஒரே இழுப்புல வரணும்னு. நல்லாப் பழகின கை! இந்த வார்டுல யாரும் மூலையை மடிக்கிறதில்ல. நேத்து பூரா பாத்தேன், எல்லாரும் நேரா வெட்டி நேரா ஒட்டறாங்க. மூலை மடிக்கிற ஆளைக் கண்டுபிடிச்சா கேஸ் முடிஞ்சுது!"

குச்சி மூலையில் இருந்த மாதிரிப் பெட்டியைத் தூக்கி வந்தான். தொண்டை மாதிரி எடுத்த நாற்பத்தொரு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய சின்னத் தாள். தாளின் மேல் ஒட்டுநாடா. அவன் பெட்டியை அவள் முன்னால் மெல்லத் தள்ளினான்.

குழாய்களுக்குத் தாள் ஒட்டியது அவள். நாற்பத்தொரு ஒட்டுநாடாவிலும் மூலை மடிந்திருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, இதென்ன விளையாட்டு என்று. பிறகு படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞாபகம் இல்லாமல் இல்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, முதலில் பொம்மைக் கையில் கட்டுப் போட்டுக் காட்டினாள். நிஜக் காயத்தில் காட்டுங்களேன் மேடம் என்று ஹெட் சிஸ்டர் கேட்டார். நாலு, ஏழு, பதினொன்று என்று அவளே கட்டில்களைத் தேர்ந்தெடுத்தாள். கையை முழங்கை வரை கழுவினாள், கையுறை போட்டாள், எல்லாம் செய்தாள். பின்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். அவள் குரல் அன்று கம்மியிருந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, திறந்த காயத்துக்கு மேலே குனிந்தபடி, உரக்கப் பேசினாள். மூன்று தடவை.

அந்த வகுப்பில் அவள் சொன்ன முதல் வாக்கியம், 'தொண்டை கரகரத்தால் காயத்தின் பக்கம் போகாதே.' அதைச் சொன்னபோதே வாயில் தொண்டை மாத்திரை ஒன்று கரைந்துகொண்டிருந்தது.

ஊழியர் பட்டியல் போட்டபோது தன்னைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வகுப்பை நேரில் பார்த்த வார்டு ஆட்களுக்கும் தோன்றவில்லை. அவள் மருந்து. மருந்தை யார் சந்தேகிப்பார்கள்?

"எப்போ பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலம்." குச்சி நிமிரவில்லை. "தப்புதான் மேடம். அழிச்சுடலாமான்னுகூட நினைச்சேன். வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து எடுத்து வச்சேன். அந்தம்மா சிரிக்கிறாங்க. அழிக்க முடியல. காட்டவும் முடியல."

"அன்னிக்கு எனக்குத் தொண்டை சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மாத்திரை வாங்கிக் குடுத்ததே நான்தானே மேடம். ரெண்டு நாள் வீட்டுல இருங்கன்னு நான் சொல்லியிருக்கணும். ஜோக் அடிச்சுட்டுப் போயிட்டேன்."

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஒரு குச்சி எடுங்க."

"மேடம், இப்போ உங்களுக்குத் தொண்டை நல்லாத்தானே..."

"நல்லா நடமாடற ஆள்தான்னு நானே சொன்னேன். எடுங்க."

ஊரார் தொண்டையையெல்லாம் சிரித்துக்கொண்டே துடைத்தவன் புதுக் குச்சி ஒன்றைப் பிரித்தான். "வாயைத் திறங்க மேடம்," என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே சண்டியர்.

மருத்துவமனை சூப்பிரண்டு ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டாக்டர், நான் ஒண்ணு சொல்லட்டுமா? 'மூலம் தெரியவில்லை'ன்னு எழுதிடுங்க. எத்தனையோ கேஸ்ல அப்படித்தானே எழுதறோம்? நீங்க மருந்து சாப்பிட்டா கிருமி போயிடும். இனிமே யாருக்கும் வராது. போனவங்க திரும்பவும் வரப்போறதில்ல. உங்களை மாதிரி ஒருத்தரை இழந்துட்டு நாங்க என்ன பண்றது?"

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வாக்கியம் அவளுக்குப் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. பிறகு துணி அறையின் தரையில் மடங்கி உட்கார்ந்த சின்ன சிஸ்டர் கண்ணில் வந்தாள்.

"மூலம் தெரியலைன்னு எழுதினா, இந்த வார்டுல நாப்பத்தொரு பேரும் ஆயுசு பூரா நான்தானோ, நான்தானோன்னு இருப்பாங்க சார். மூலம் தெரியும். எழுதிட்டேன். மேலே அனுப்பியாச்சு."

மருந்து ஆரம்பித்து, மறுபடி பரிசோதித்து, தொண்டையில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் அவள் கண்டக்டர் பெண் இருந்த தனி அறைக்குப் போனாள். முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தாண்டி இரண்டடியில் நின்றாள். குச்சி அவள் பின்னால் நின்றான்.

கண்டக்டர் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் மேடாக இருந்தது. மறுபக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது.

பூச்சி டாக்டர் வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அது வரவில்லை. "அன்னிக்கு உங்க கட்டைப் பிரிச்சு, வகுப்பு எடுத்தது நான்தான். எனக்குத் தொண்டையில தொற்று இருந்தது. முகக்கவசத்தை இறக்கிட்டுப் பேசினேன். அந்தக் கிருமிதான் உங்க கால்ல போயிருக்கு. பரிசோதனையில தெரிஞ்சுடுச்சு," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கண்டக்டர் போர்வையின் தட்டையான பக்கத்தில் கையை வைத்தாள்.

"அப்போ," என்றாள் மெதுவாக, "நான் சொறிஞ்சதால இல்லையா?"

"என்னது?"

"கட்டுக்குள்ள ஒரே அரிப்பு. தாங்க முடியாம ஹேர்பின்னை உள்ள விட்டுச் சொறிஞ்சேன். ரெண்டு நாள் கழிச்சுக் காய்ச்சல். நர்ஸம்மாகிட்டகூட நான் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அன்னிலேருந்து பாக்க வர்ற ஒருத்தர் விடாம சொல்றாரு. 'இவளேதான் இழுத்து விட்டுக்கிட்டா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல'ன்னு. என் மகளும் அதையேதான் சொல்றா. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"இல்லம்மா. உங்களால இல்ல. பக்கத்துல ரெண்டு பேருக்கும் அதே கிருமி, அதே நாள். அவங்க சொறியல. நீங்க சொறியாம இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

கண்டக்டர் அழுவாள், இல்லையென்றால் கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவாள் என்று பூச்சி டாக்டர் நினைத்தாள். வீசினால் விலகக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டாள். கண்டக்டர் இரண்டும் செய்யவில்லை.

"அன்னிக்கு என் காலைப் பாத்தீங்களே. என் முகத்தைப் பாத்தீங்களா?"

காயம் நினைவில் இருந்தது. எத்தனை தையல் என்றுகூட நினைவிருந்தது. முகம்?

"இல்ல," என்றாள்.

"இப்போ பாருங்க."

பூச்சி டாக்டர் பார்த்தாள். சுலபமாக இல்லை. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. உதட்டோரம் வெடிப்பு. நாள் பூரா நின்று, கூவி, வெயிலில் கறுத்த முகம். அந்த முகம் அவள் பார்வையைத் தானாக விடுவிக்கும்வரை பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் கண்டக்டர். "அதுக்கெல்லாம் எனக்கு இப்போ தெம்பில்ல. ஒரு காலை வச்சுக்கிட்டு எந்த வேலைக்குப் போறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். ஆனா இப்போ சொன்னீங்களே, அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வீட்டுல படிச்சுக் காட்டணும்."

குச்சி தாளை எடுத்து நீட்டினான். ஜன்னல் திட்டில் வைத்து, நின்றபடியே எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் தேதியும் போட்டாள். குச்சி அதை வாங்கிக் கட்டிலண்டை கொண்டுபோய்க் கொடுத்தான்.

கண்டக்டர் உதடு அசைய வரிவரியாகப் படித்தாள். பாதியில் நின்றாள்.

"'என் மூலம் இவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம்'னு போட்டிருக்கீங்க. கலாம் எதுக்கு?"

இருபது வருஷமாக ரிப்போர்ட் எழுதிய கை. அந்தக் 'கலாம்' தானாக வந்து விழுந்திருந்தது. பூச்சி டாக்டர் தாளைத் திரும்ப வாங்கினாள். 'ஏற்பட்டிருக்கலாம்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே 'ஏற்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டாள்.

கண்டக்டர் மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை நிற்கவில்லை. நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏழாம் நம்பர் அக்கா வீட்டுக்காரருக்கும் ஒண்ணு எழுதுங்க," என்றாள். "அந்தாளு என்னைப் பாக்க வந்திருந்தாரு. 'தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேன், நானே கொன்னுட்டேன்'னு இதே இடத்துல உக்காந்து அழுதாரு. அவருக்கும் கலாம் போடாம எழுதுங்க."

பூச்சி டாக்டர் குச்சியிடம் கையை நீட்டினாள். அவன் இன்னொரு தாளைக் கொடுத்தான்.